எழுதப்படாத தரவுக்கும் கணக்கு உண்டு

பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் கொண்டுவரும் பாலை எடைபோட்டுக் குறித்துக்கொள்வர். பின்னரே அது கிராணியின் செக்ரோல் கணக்கில் ஏறும். இடையில் குறிப்புத் தொலைந்தால், உழைத்தவரின் கூலிக்குச் சான்று இராது. கணினியிலும் இத்தகைய இடைவெளி ஒன்று உண்டு.

நாம் ஒரு கோப்பைச் சேமித்தவுடன் அதன் தரவு வட்டில் பதிவாகிவிடுவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். பல மாற்றங்களைத் திரட்டி ஒன்றாக எழுதினால் வேகம் கூடும். ஆனால், ஈப்போவில் பெய்யும் மாலை நேர இடிமழையில் மின்சாரம் தடைபட்டால், காத்திருந்த தரவு அழிந்துவிடும்.

இத்தகைய தடையால் கோப்புகளின் அமைப்பே குலையாமல் காப்பது குறிப்பேட்டுக் கோப்பு முறைமை. அது, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். கணினி மீண்டும் இயங்கும்போது அதனைக் கொண்டு அமைப்பைச் சீர்செய்யும். 2001இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட எக்ஸ்ட்3 இவ்வகையைச் சார்ந்தது. எனினும், வழக்கமாக இக்குறிப்பேட்டில் கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்களே இடம்பெறும், உள்ளடக்கம் இடம்பெறாது.

2008ஆம் ஆண்டின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த எக்ஸ்ட்4, தரவுக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையும் தள்ளிப்போட்டது. வேகம் கூடியது, ஆபத்தும் கூடியது. 2009இல், கணினி திடீரென நின்றபின் சில பயனர்களின் கோப்புகள் வெறுமையாகக் கிடந்தன. பழைய உள்ளடக்கம் நீக்கப்பட்டது குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. புதிய உள்ளடக்கமோ வட்டை எட்டவில்லை. பழைய கோப்புக்கு மாற்றாகப் புதியது எழுதப்படும்போது, தரவை விரைந்து வட்டுக்கு அனுப்பும் திருத்தத்தைத் தியோடர் சோ செய்தார்.

எழுதப்படாத தரவைக் கண்காணிக்கும் முறையும் பின்னர் மேம்பட்டது. முன்பு, காத்திருக்கும் தரவைக் கண்டறிய நினைவகப் பக்கங்களைத் தேடவேண்டியிருந்தது. 2013இல் அதற்கெனத் தனிப் பட்டியல் அமைக்கப்பட்டது. கோப்பின் ஒரு பகுதி எழுதப்பட்டதா, இடம் ஒதுக்கப்பட்டும் எழுதப்படாததா, இடத்திற்குக் காத்திருக்கிறதா, வெற்றிடமா என்பதை அது காட்டும். ‘எழுதப்படாதது’ என்னும் குறிக்கு மற்றொரு பயனும் உண்டு. அக்குறி இல்லையேல், அவ்விடத்தில் முன்பு இருந்த வேறொருவரின் அழிக்கப்பட்ட தகவல் நம் கோப்பில் வெளிப்படக்கூடும்.

எவ்வளவு சிறந்த முறைமையும், வட்டை எட்டாத தரவை மின்தடைக்குப் பின் மீட்டுத் தராது. எனவே, பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காமல் முறைப்படி வெளியேற்றுவோம். முக்கியமான இடுபணிகளுக்கு மற்றொரு படியையும் வைத்திருப்போம்.