பார்வையற்றோரின் ஹக்கும் நம் பொறுப்பும்

தூத்துக்குடிக் கடலோரத்தில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்தில் குளிப்பவர் கல் கட்டிய கயிற்றின் துணையோடு கடலடிக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்து நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த மாத்திரத்தில் அவரை மேலே இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்றும் சொல்வதுண்டு. ஆனால் கயிறு பிடித்தவர் குளித்தவருக்குத் தருமம் செய்தார் என்று எவரும் சொன்னதில்லை. பிடிப்பது அவர் பொறுப்பு. பிடிக்கப்படுவது இவருடைய ஹக்கு.

பார்வை இழந்த நம் சகோதர சகோதரிகள் விஷயத்தில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை இந்த மாதம் சிந்திக்க வேண்டுகிறோம்.

நாம் அறிந்த ஒரு பெரியவர். சுபுஹுத் தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நிற்பவர். சர்க்கரை வியாதியினால் பார்வை மங்கி, பின்னர் முற்றிலும் போய்விட்டது. பள்ளிக்கு வருவது நின்றது. "அவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு" என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். பெருநாள் தோறும் அவர் வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்லி, கையில் ஏதாவது கொடுத்துவிட்டும் வந்தோம். ஒரு பெருநாளன்று அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீங்கள் தரும் பணத்தைத் திரும்பத் தந்துவிடுகிறேன். சுபுஹுக்கு இந்த வாசல் வழியாகத்தானே போகிறீர்கள்? ஒரு குரல் கொடுத்தால் நான் வரமாட்டேனா?"

நம்மிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளாக அந்த வாசலைக் கடந்து போனவர்கள் நாம்தான்.

மூன்று முறை முறையிட்ட ஸஹாபி

கண் பார்வையற்ற ஸஹாபாக்களில் முதலாவதாக நினைவுக்கு வருபவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். தாயின் பெயரால் அறியப்பட்டவர். அவர் வாழ்க்கையில் மூன்று சம்பவங்களைச் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு பெரிய பாடம் கிடைக்கும்.

முதலாவது, மக்காவில் நடந்தது. குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மார்க்கத்தைக் கற்றுத் தருமாறு இவர் வந்து கேட்டார். தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்கமாட்டார்களா என்ற ஆவலில் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளித்தார்கள். உடனே 'அபஸ' எனும் 80-ஆவது அத்தியாயம் இறங்கிற்று. கற்க ஓடி வந்தவரை விட்டுவிட்டு, அக்கறையற்றவர்கள் பக்கம் திரும்பியதை அல்லாஹ் எடுத்துக் காட்டினான். அந்தப் பார்வையற்றவர் கேட்டது பொருளல்ல, கல்வி. அந்தக் கேள்விக்காகத்தான் கியாம நாள் வரை ஓதப்படும் வசனங்கள் இறங்கின.

இரண்டாவது, மதீனாவில் நடந்தது. போருக்குச் சென்றவர்களும் வீட்டில் தங்கியவர்களும் சமமாகமாட்டார்கள் என்ற வசனத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எழுதுவித்துக்கொண்டிருந்தார்கள். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, தமக்கு இயலுமானால் தாமும் போருக்குப் போயிருப்பார் என்று முறையிட்டார். அப்போதே, உடற்குறை உள்ளவர்கள் நீங்கலாக என்ற விதிவிலக்கும் சேர்ந்து இறங்கிற்று. அது 4-ஆவது அத்தியாயம் 95-ஆம் வசனம். தமக்காக வாய் திறந்து பேசிய ஒருவரின் சொல் செவியேற்கப்பட்டது.

மூன்றாவது, தொழுகை பற்றியது. தம்மைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்து வர ஆள் இல்லை என்றும், வீட்டிலேயே தொழ அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அனுமதித்தார்கள். அவர் திரும்பிச் செல்கையில் மறுபடி அழைத்து, பாங்கின் ஓசை கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றதும், அழைப்பை ஏற்று வருமாறு சொன்னார்கள். வீட்டில் தொழுதால் ஜமாஅத்தின் முழுச் சிறப்பும் கிடைக்குமா என்பதே அவர் கேட்டதன் கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் கூறியுள்ளார்கள்.

இதே மதீனாவில் இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற மற்றொரு ஸஹாபிக்கும் பார்வை கெட்டுப்போயிற்று. அவர் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழவைத்தவர். மழை பெய்து ஓடை நிறைந்தால் கடந்து வர முடியவில்லை என்று அவர் சொன்னதும், நாயகம் (ஸல்) அவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் அவர் வீட்டுக்கே சென்று, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள்.

ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தார்கள். இன்னொருவரின் வீட்டுக்குத் தாமே சென்றார்கள். இரண்டு பேரிடத்திலும் அவரவர் சொன்னதைக் கேட்டார்கள். எவரையும் மூலையில் உட்கார வைக்கவில்லை.

பார்வையற்றவரின் பாங்கு

இன்னும் ஒரு செய்தி. மதீனாவில் பிலால் (ரலி) அவர்கள் இரவு முடியுமுன் ஒரு பாங்கு சொல்வார்கள். சுபுஹு நேரம் வந்ததும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்வார். ரமளானில் பிலாலின் பாங்கைக் கேட்டு உண்பதை நிறுத்த வேண்டாம், இப்னு உம்மி மக்தூமின் பாங்கு வரை உண்ணலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஓர் ஊரே ஸஹரை முடித்து நோன்பைத் தொடங்கியது ஒரு பார்வையற்றவரின் குரலைக் கேட்டுத்தான்!

விடியலைக் காண முடியாதவர் விடியலை எப்படி அறிவித்தார்? பொழுது புலர்ந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள். அதன் பிறகே அவர் பாங்கு சொல்வார். இந்த வேலை கண் உள்ளவருக்கே உரியது என்று அவரை ஒதுக்கவில்லை. பொறுப்பை அவரிடம் கொடுத்து, அவருக்கு வேண்டிய ஒரு சொல்லை மற்றவர்கள் கொடுத்தார்கள். இன்று சட்டத்தில் 'நியாயமான வசதி ஏற்பாடு' என்று சொல்லப்படுவது இதுவே அன்றி வேறில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற நேரங்களில் மக்களுக்குத் தொழவைக்கும் பொறுப்பையும் இவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

பிக்ஹு நமக்குச் சொல்வது

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். இமாமாக நிற்பதில் பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் சமமே என்பது இந்த மத்ஹபின் கருத்து. ஜும்ஆவைப் பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஒரு சட்டம் உண்டு: கைபிடித்து அழைத்துச் செல்பவர் கிடைத்தால் பார்வையற்றவருக்கும் ஜும்ஆ கடமையாகும்.

இந்தச் சட்டத்தை நாம் அவருடைய பக்கமிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். நம் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அழைத்துச் செல்ல ஆள் இருந்தால் கடமை, இல்லையென்றால் சலுகை. அப்படியானால், நூற்றுக்கணக்கான வாலிபர்கள் உள்ள ஒரு மஹல்லாவில் ஒருவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சலுகை அவருடைய கண்ணினால் வந்ததா, நம்முடைய கவனமின்மையால் வந்ததா?

இரு கண்களையும் இழந்து பொறுமை காத்தவருக்குச் சுவனத்தை அல்லாஹ் வாக்களித்திருப்பதாக ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. அது அவருக்குரிய நற்செய்தி. "பொறுமையாக இருங்கள், பாவா" என்று சொல்லிவிட்டு நாம் நழுவிக்கொள்வதற்குரிய ஆதாரமல்ல. பொறுமை அவர் அமல். துணை நிற்பது நம் அமல். அவருடைய அமலைக் கொண்டு நம் அமலை ஈடு செய்ய முடியாது.

பார்வையற்றவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் ஸகாத்து பெறுபவர் ஆகிவிடமாட்டார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏழையாக இருந்தால் பெறுவார். நிஸாபு உடையவராக இருந்தால் அவரே ஸகாத்துக் கொடுப்பார்.

நாட்டின் சட்டம் தரும் உரிமைகள்

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறை உள்ளவர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் உரியது. ஏட்டில் இருந்தது முறையாக நடைமுறைக்கு வரவில்லை. பார்வையற்றோரின் தேசிய சம்மேளனமே வழக்காடியது. இந்தப் பணிக்குப் பொருத்தமானவை என்று குறித்த இடங்களை மட்டும் கணக்கிடாமல், மொத்தக் காலியிடங்களையும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பார்வையற்றவர்கள் தாங்களே முறையிட்டுப் பெற்ற நீதி அது.

பின்னர் 2016-இல் புதிய சட்டம் வந்து, 2017 ஏப்ரல் முதல் அமலாயிற்று. இதன்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உண்டெனச் சான்று பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் 4 விழுக்காடும், அதனுள் பார்வைக் குறைபாட்டுக்கு 1 விழுக்காடும் உண்டு. அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடு இடம் உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளவும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் பெறவும் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளித்தன.

மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதி ஆக முடியாது என்றொரு விதி இருந்தது. பார்வையற்ற பிள்ளையைப் பெற்ற ஒரு தாய் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காகி, 2025 மார்ச் 3-இல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை நீக்கிவிட்டது. ஒரு தாயின் கடிதம் ஒரு நாட்டின் வாசலைத் திறந்திருக்கிறது. நம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்ற கிறிஸ்தவ மிஷன் பெண்மணி 1890-இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். நம் வாசலுக்கு அருகிலேயே இத்தனை காலமாக வழி இருந்தும், நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அனுப்பினோம்?

வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியவை

பார்வை குறையத் தொடங்கினால் விதி என்று இருந்துவிடக் கூடாது. நோய்க்கு மருந்து செய்வது நபிவழி. கண்புரை அறுவையினால் சரியாவது. சர்க்கரை உள்ளவர்கள் கண்ணை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். உப்பளத்து வெயிலிலும் வெள்ளைக் கூசலிலும் உழைப்பவர்கள் கண்ணைத் தற்காத்துக்கொள்ள வேண்டும். மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது.

பார்வை திரும்பாது என்று தெரிந்தால், மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவது முதல் வேலை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஊர் அறிந்துவிடுமே, பெண் கேட்டு வரமாட்டார்களே என்று சான்று வாங்காமல் மறைப்பது, பிள்ளையின் உரிமையை நாமே பறிப்பதாகும்.

பார்வையற்ற ஆண் பிள்ளையை ஹிப்ளு மதரஸாவில் சேர்ப்பது நம் ஊர்களில் உள்ள நல்ல வழக்கம். அத்தோடு நிறுத்த வேண்டாம். பிரெய்ல் எழுத்தும், கைக்கோலால் நடக்கும் பயிற்சியும், பள்ளிக் கல்வியும் சேரட்டும். தமிழுக்கும் பிரெய்ல் உண்டு, அரபிக்கும் உண்டு. வலமிருந்து இடமாக எழுதும் அரபியையும் பிரெய்லில் இடமிருந்து வலமாகத்தான் விரல் தடவிப் படிக்கிறது. பெண் பிள்ளையின் நிலை இன்னும் கவலைக்குரியது. அடுப்படியும் படுக்கையறையுமே அவள் உலகமாகிவிடுகிறது. ஓதிக் கொடுக்கவும் தைக்காவுக்கு அழைத்துச் செல்லவும் பள்ளியில் சேர்க்கவும் அவளுக்கும் ஹக்கு உண்டு.

பள்ளிவாசலில் சில காரியங்களுக்குப் பணமே தேவையில்லை. வாசலில் செருப்புகளை வழி மறிக்காமல் ஓரமாக வைக்கலாம். ஹவுளின் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி அமைக்கலாம். ஒரே பாதையை எப்போதும் தடையின்றி விடலாம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வாலிபர்கள் ஒருவரை அழைத்து வரும் பொறுப்பை ஏற்கலாம். கையைப் பற்றி இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளச் செய்வதே சரியான முறை. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருமறை தடுத்திருக்கிறது. ஊனத்தைச் சொல்லி ஒருவரை அழைக்கும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும். ஜமாஅத்துக் கூட்டத்தில் அவருக்கும் இடம் கொடுத்து, என்ன வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும்.

அந்தப் பெரியவர் இப்போது சுபுஹுக்கு வருகிறார். தெருவில் ஒரு பையன் அவர் வாசலில் நின்று ஸலாம் சொல்கிறான். அவர் வெளியே வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். வழியில் அவனுக்கு ஒரு சூராவைச் சொல்லிக் கொடுக்கிறார். இருவரில் யார் யாருக்கு உதவுகிறார் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிடிக்க வேண்டிய கயிற்றைக் கைநழுவ விடாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! பார்வையை இழந்த நம் சகோதர சகோதரிகளுக்கு உள்ளத்தில் ஒளியையும், நாளை மறுமையில் அவனைக் காணும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.