பழுதுபட்ட ரயரை மீண்டும் பூட்டலாமா?

வாழ்வாதாரக் கடனில் பழைய வான் அல்லது ஓட்டோ வாங்கியவர்களுக்கும், இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வாகனத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்துபவர்களுக்கும் முதலில் வரும் செலவுகளில் ஒன்று ரயர். என்ஜின் வேலைக்குப் பணம் கொடுத்து முடிந்ததும், நான்கு புது ரயர் வாங்கக் கையில் காசு மிஞ்சுவது அரிது. ஆகவே பாவித்த ரயர் தேடுகிறோம். அல்லது வெட்டும் வெடிப்பும் உள்ள ரயருக்கே காற்றடித்து ஓட்டுகிறோம். பாவித்த ரயர் எல்லாமே கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. எந்தக் காயத்தைப் பொறுக்கலாம், எந்தக் காயம் உள்ள ரயரை வீதிக்கே கொண்டுபோகக் கூடாது என்பதை நீங்களே பார்த்து அறிய இந்தப் பாடம் உதவும்.

"இவ்வளவு நாளும் ஓடினதுதானே, இனியும் ஓடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊருக்குள் கிரவல் பாதையில், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய ரயர் அது. இப்போது ஏ9 வீதியிலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் காப்பெட் போட்ட இடங்களில் அதே வாகனம் 70இல் போகிறது. சிறிய கார் ஒன்றின் சில்லு 25இல் போகும்போது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ நான்கு தடவை சுற்றும். 70இல் பத்துத் தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ரயர் தரையில் அமுங்கி விரிகிறது. அந்த அசைவில் உள்ளே சூடு பிறக்கிறது. மத்தியான வெயிலில் சூடேறிய தார், பின்னால் ஆறு பேருக்குப் பதிலாகப் பத்துப் பேர், காற்றும் குறைவு என்றால் அந்தச் சூடு இறங்க வழியில்லை. குச்சொழுங்கையில் வருடக்கணக்கில் தாங்கிய காயம் பெருவீதியில் அரை மணித்தியாலத்தில் வெடிக்கலாம். பழைய ஓட்டத்தை வைத்து ரயரை நம்ப வேண்டாம்.

பலம் எங்கே இருக்கிறது?

ரயர் வெறும் இறப்பர் அல்ல. இறப்பருக்குள் நூல்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய கார், வான் ரயர்களில் பெரும்பாலானவற்றின் மேற்பட்டைக்குக் கீழே, அதாவது தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே, மெல்லிய உருக்குக் கம்பிகளும் உண்டு. காற்றின் அழுத்தத்தையும் வாகனத்தின் பாரத்தையும் தாங்குபவை இந்த நூலும் கம்பியும்தான். இறப்பர் காற்றை அடைத்து வைக்கிறது, வீதியைப் பற்றுகிறது, நூலுக்குத் தண்ணீர் போகாமல் காக்கிறது. எனவே எந்தக் காயத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது இறப்பரோடு நின்றதா, நூல் வரை போனதா?

நான் கலைப்பீடத்தில் படித்தவள். ரயரின் தவாளிப்பு ஆழமாக இருந்தால் அது நல்ல ரயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கிளிநொச்சியில் ரயர் ஒட்டும் ஐயா ஒருவர் ஒரு பழைய ரயரை என் முன்னால் போட்டு, "பிள்ளை, வெளியிலை பாக்காதை, உள்ளுக்குக் கையை விட்டுத் தடவிப் பார்" என்றார். வெளியே புதிது போல் இருந்த அந்த ரயரின் உட்பக்கத்தில் சுற்றிவர ஒரு வளையமாகச் சொரசொரப்பு. கையை எடுத்தபோது விரலெல்லாம் கறுப்புத் தூள். காற்றுப் போன பிறகும் நிறுத்தாமல் ஓட்டிய ரயர் அது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து தன்னைத்தானே அரைத்துவிட்டது. இப்படிப்பட்ட ரயருக்குத் திரும்பக் காற்றடித்தால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. காற்றடிக்கும்போதோ ஓடும்போதோ பக்கம் கிழிந்து வெடிக்கும். உள்ளே தூளும் அரைந்த வளையமும் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது

ரிம்மிலிருந்து கழற்றிய ரயரை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் நிழலில் அடுக்கி வைத்திருக்கும் ரயர் எல்லாமே கறுப்பாக, அழகாகத்தான் இருக்கும். சில இடங்களில் கறுப்புப் பூச்சும் பூசிவிடுவார்கள்.

பக்கச்சுவரில் வெட்டு இருந்தால் அந்த இடத்தை வெளிப்பக்கமாக வளைத்து வாயைத் திறந்து பாருங்கள். அடியில் இறப்பர் மட்டும் தெரிந்தால் அது மேற்காயம். நூலோ கம்பியோ ஓர் இழை தெரிந்தாலும் அந்த ரயர் முடிந்தது. மேற்பட்டையில் உள்ள வெட்டுக்கும் இதே விதிதான். அங்கே கம்பி தெரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பி கறள் பிடிக்கும். பிறகு இறப்பர் கம்பியை விட்டுக் கழன்று, ஓடும்போது மேற்பட்டை முழுவதுமாக உரிந்து வரும்.

அடுத்தது வீக்கம். குழியிலோ கல்லிலோ பலமாக அடிபட்டால் உள்ளே நூல் அறுந்து, அந்த இடத்தில் காற்று இறப்பரை வெளியே தள்ளும். கோழி முட்டை அளவில் இருந்தாலும் புளியங்கொட்டை அளவில் இருந்தாலும் பொருள் ஒன்றே. வீக்கத்துக்கு ஒட்டு இல்லை, மருந்து இல்லை. இதில் ஒரு தொல்லை, காற்றில்லாத ரயரில் வீக்கம் தெரியாது. ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன் ரிம்மில் பூட்டிக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். "அண்ணை, காத்தடிச்சுக் காட்டுங்கோ, பிறகு காசு தாறன்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். காற்றடிக்கும்போது ரயரின் பக்கச்சுவருக்கு நேரே நிற்க வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். காற்று ஏறி முடிந்த பின் உள்ளங்கையால் இரு பக்கமும் தடவுங்கள். பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய உட்குழிவு தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். ரயர் செய்யும்போது நூல் விரிப்பின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இடம் அது. வெளியே தள்ளுவதுதான் ஆபத்து.

தேய்மானத்தைப் பார்ப்பது சுலபம். தவாளிப்பின் அடியில் குறுக்காகச் சிறிய திட்டுக்கள் இருக்கும். கார் ரயர்களில் இவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேற்பட்டை தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் ரயரின் காலம் முடிந்தது. அதன் பின் மாரி மழையில் பிரேக் பிடிக்கும்போது தண்ணீரை விலக்க அதில் வழி இல்லை.

விட்டுவந்த வாகனங்களின் ரயர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு திரும்பக் கிடைத்த வாகனங்கள் பல வெட்டவெளியில் நீண்டகாலம் நின்றவை. அவற்றின் ரயர்களில் தேய்மானம் குறைவாக இருப்பதால் "பூட்டி ஓடலாம்" என்று தோன்றும். ஆனால் வெயிலும் காற்றும் இறப்பரை உலர்த்தி வெடிக்கச் செய்யும். காற்றிறங்கி ஒரே இடத்தில் நின்ற ரயரில் வாகனத்தின் பாரம் முழுவதும் ஒரு மடிப்பின் மேல் இருந்திருக்கும். அந்த மடிப்பில் நூல் நொந்திருக்கும். பக்கத்தில் தீ எரிந்திருந்தால் இறப்பர் இறுகிக் கண்ணாடிபோலப் பளபளக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது.

சிறு உலோகத் துண்டுகள் துளைத்த ரயர்களும் உண்டு. வெளியே மிளகளவு ஓட்டை. உள்ளே பார்த்தால் பல நூல்கள் அறுந்திருக்கும். இதை ஆணி குத்திய ஓட்டைபோல எண்ணி ஒட்ட வேண்டாம்.

காட்டுக்குள்ளோ வெறுங்காணியிலோ கிடக்கும் வாகனத்தில் ரயர் கழற்றப் போகவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்தில் எந்த ரயரும் ஒரு காலுக்கு ஈடாகாது. வாகனத்துக்குக் கீழேயும் சுற்றிவரவும் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். கண்டால் தொடாமல், போன வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

ஒட்டுப் போடலாமா?

ஆணி குத்திய ரயரை எல்லாம் எறிய வேண்டியதில்லை. ஓட்டை மேற்பட்டையின் நடுப்பகுதியில் இருந்து, 6 மில்லிமீற்றருக்கு மேற்படாவிட்டால் ஒட்டலாம். ரயரைக் கழற்றி உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உட்பக்கத்தில் ஒட்டுப் போடுவதுதான் சரியான முறை. கழற்றாமல் வெளியிலிருந்து பசை பூசிய நாரைக் குத்தி அடைப்பது வீடு வந்து சேருவதற்கு உதவும். அதையே நிரந்தரமாக வைத்து ஓடினால் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மேற்பட்டையின் ஓரத்திலோ பக்கச்சுவரிலோ ஓட்டை இருந்தால் ஒட்டக்கூடாது. அந்த இடம் ஓயாமல் வளைந்துகொண்டே இருக்கும், ஒட்டு நிற்காது.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. பக்கச்சுவர் கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு ஒன்றை வைத்து, அதற்கு மேல் ரியூப் போட்டு ஓட்டுவது. ரியூப் காற்றை மட்டுமே பிடித்து வைக்கும். அறுந்த நூலின் வேலையை அது செய்யாது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வானில் இப்படி ஒரு ரயரைக் கண்டால் பெற்றோர் சாரதியிடம் கேட்கத் தயங்கக் கூடாது. "தம்பி, இதை மாத்திப்போட்டு வா, அதுவரை நாங்கள் சைக்கிளிலை கொண்டுபோய் விடுறம்" என்று சொன்னால் போதும்.

வயதும் பாரமும்

பக்கச்சுவரில் டி.ஓ.ரி என்ற ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2307 என்றிருந்தால் 2007ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, விட்டுவிடுங்கள். சில ரயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அதனால் புரட்டிப் பாருங்கள். ஐந்து வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் கடந்ததை, ஓடாமல் புதிதுபோல் இருந்தாலும், பூட்ட வேண்டாம். அதிகம் ஏமாற்றுவது பழைய ஸ்பெயார் ரயர்தான்: ஒருநாளும் தரையைத் தொடாதது, தவாளிப்பெல்லாம் முழுதாக இருப்பது, ஆனால் வாகனத்தின் வயதே அதற்கும்.

அளவுக்குப் பக்கத்தில் பாரக் குறியீடு இருக்கும். 155/80 ஆர்13 79 என்பதில் 79 என்றால் அந்த ரயர் ஒன்று 437 கிலோ வரை தாங்கும். அளவு பொருந்துகிறது என்பதற்காகக் கார் ரயரை வானுக்குப் பூட்டினால், காயமே இல்லாவிட்டாலும் அது தாங்காது. உங்கள் வாகனத்தின் பழைய ரயரில் உள்ள குறியீட்டை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்குவது அந்த எண்ணுக்குக் குறையக் கூடாது.

வேண்டாம் என்று முடிவெடுத்த ரயர்

தேய்ந்தும் வயது போயும் நூல் கெடாமல் இருக்கும் ரயர் மாட்டு வண்டிலுக்கு உதவலாம்; அந்த வேகத்தில் சூடு பிறக்காது. நூல் அறுந்ததைக் காற்றடிக்கும் எந்த வேலைக்கும் எடுக்க வேண்டாம், ஸ்பெயாராகவும் வைக்க வேண்டாம். அதை யாருக்கும் விற்கவும் வேண்டாம். பக்கச்சுவரை வெட்டிவிட்டால் வேறு ஒருவர் எடுத்துப் பூட்டமாட்டார்.

எரிப்பதால் வரும் புகை பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கேடு. முற்றத்தில் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தண்ணீர் தேங்கும் பொருட்களை வளவில் விட்டுவைப்பது குற்றமுமாகும். பூச்சாடியாகவோ பாத்திக்கு வரம்பாகவோ பாவிப்பதானால் அடியில் நாலைந்து துளை போட்டு மண்ணால் நிரப்புங்கள். உடனே பாவிக்காவிட்டால் கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.