உடம்பெல்லாம் வலித்தால் படுத்தே கிடக்க வேண்டுமா?

நம்பிக்கை: ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி வெறும் மனப்பிரமை.

உண்மை: உடம்பெல்லாம் நீண்ட நாள் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் எக்ஸ்ரேயில் தெரியாது. ரத்தப் பரிசோதனை செய்வது தைராய்டு, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான். நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கி உணர்த்துகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி, 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11இல் வலிக்க வேண்டும். 2010இல் அதைக் கைவிட்டு வலி, களைப்பு, தூக்கம், மறதி பற்றிக் கேட்டறியும் முறைக்கு வந்தார்கள். ‘வேலைக்குச் சோம்பல்’ என்ற பேச்சைக் கேட்டே வாயடைத்துப்போன பெண்களின் சொல்லுக்கு இப்போதுதான் மதிப்பு வந்திருக்கிறது.

நம்பிக்கை: வலிக்கிற உடம்புக்கு ஓய்வே மருந்து.

உண்மை: யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில், மிக உறுதியாகச் சொன்னது உடற்பயிற்சியை மட்டும்தான். மாத்திரைகளுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை. படுத்தே கிடந்தால் தசை தளர்கிறது, தூக்கமும் கெடுகிறது.

சிக்கல் அளவில்தான். சென்னை அபிராமபுரத்திலிருந்து பலர் நடக்கப் போகும் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். (அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரின் பெயர் அது. தைலம் தடவுவதில் தவறில்லை, நடையும் வேண்டும்.) உடம்பு லேசாக இருக்கும் நாளில் நாலு சுற்று நடந்து, வீட்டுக்கு வந்ததும் பரணையும் ஒழித்தால், மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. ‘நடந்ததால்தான் இப்படி’ என்று நடையே நின்றுபோகும். பதிலாக, பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் 5 நிமிடம் போதும். நல்ல நாளிலும் அதைத் தாண்டாதீர்கள். மறுநாள் உடம்பு தாங்கினால் ஓரிரு வாரம் கழித்து ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம். பயப்படாதீர்கள், அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடருங்கள்.

நம்பிக்கை: பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது.

உண்மை: ஒத்தடமும் கரண்டும் அந்த நேரத்துக்கு இதம் தரலாம். நீடித்த பலன் நாமே செய்யும் பயிற்சியில் இருக்கிறது. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று பிசியோதெரபிஸ்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடை பிடிக்காதவர்கள் வேறு பயிற்சியைத் தேர்ந்துகொள்ளலாம். 2018இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வில், சீனாவின் தாய் சி பயிற்சி ஏரோபிக்ஸுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ பலன் தந்தது.

மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் முதலில் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே உண்டு.