பேஸ்பால் வீரர்களைப் பங்கு பிரிப்போம்: ஒர்க் ஷீட்டில் ஒரு டிராப்ட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் ஒர்க் ஷீட் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். திரை முழுக்கக் கட்டங்களாக இருப்பதைக் கண்டு உடனே மூடிவிடுவார்கள். மளிகைக் கணக்கு எழுதிப் பழகுங்கள் என்று சொன்னால் இரண்டு நாட்களுக்கு மேல் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எனவே இந்த முறை ஒரு விளையாட்டை எடுத்துக் கொள்கிறேன். பார்முலா அமைத்தல், சார்ட் செய்தல், நிபந்தனையுடன் கூட்டுதல், குலுக்கல் எண் பெறுதல் ஆகிய நான்கையும் இதிலேயே கற்றுக் கொள்ளலாம். எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

விளையாட்டு, அமெரிக்கர்களின் பேஸ்பால். பழைய காலத்து வீரர்களை வைத்துக் கற்பனையாக ஒரு லீக் நடத்துவது அங்கே நெடுநாள் பொழுதுபோக்கு. 1951ல் வந்த ஆப்பா, 1961ல் ஹால் ரிச்மன் விற்கத் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆகியவற்றில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. பகடையை உருட்டி, விழும் எண்ணை அட்டையில் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். கம்ப்யூட்டரும் இதில் பின்தங்கிவிடவில்லை. அதே 1961ல் ஐபிஎம் ஊழியர் ஜான் பர்ஜசன், ஐபிஎம் 1620 கம்ப்யூட்டரில் இயங்கும் பேஸ்பால் புரோகிராம் ஒன்றை எழுதினார். அதில் 50 வீரர்களின் பட்டியல் இருந்தது. அதிலிருந்து நாம் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டர் தனக்கு ஓர் அணியை எடுத்துக் கொள்ளும். அந்த இயந்திரத்தின் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள்தான். உங்கள் மேஜையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீரர்களை அணிகளுக்குப் பங்கிடுவதற்குத்தான் டிராப்ட் என்று பெயர். (இமெயில் புரோகிராமில் அனுப்பாமல் கிடக்கும் கடிதத்திற்கும் இதே பெயர்தான், அது வேறு.) தெருக் கிரிக்கெட்டில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள் அல்லவா, அதேதான். ஆனால் முதலில் எடுப்பவருக்கே எல்லாச் சுற்றிலும் முதல் வாய்ப்புக் கொடுத்தால் நியாயமாகாது. ஆகவே நான்கு அணிகள் என்றால் முதல் சுற்று 1, 2, 3, 4 என்றும், அடுத்த சுற்று 4, 3, 2, 1 என்றும் திரும்பி வரும். பாம்பு வளைவது போல இருப்பதால் இதனை ஸ்நேக் டிராப்ட் என்கிறார்கள்.

பாடத்திற்காக நான் எட்டு அட்டைகளை எடுத்துக் கொண்டேன். ஒவ்வோர் அட்டையும் ஒரு வீரரின் ஓர் ஆண்டு ஆட்டம். நமக்கு வேண்டியது அவருடைய பேட்டிங் சராசரி மட்டும். இது கிரிக்கெட் சராசரி போன்றதல்ல. பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைந்த தடவைகளை, பேட் செய்ததாகக் கணக்கில் வரும் மொத்தத் தடவைகளால் வகுத்தால் வருவது. 0.300 என்றால் பத்துக்கு மூன்று. அங்கே அது நல்ல ஆட்டம்.

ஒரு புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, முதல் வரியில் ஏ முதல் ஈ வரையிலான கட்டங்களில் வீரர், ஆண்டு, சராசரி, லீக் சராசரி, விகிதம் என்று தலைப்புகளை அமைத்திடவும். இரண்டாவது வரியிலிருந்து கீழே உள்ளவற்றை டைப் செய்திடவும். விகிதம் என்னும் ஐந்தாவது கட்டத்தை இப்போது காலியாக விடுங்கள்.

கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, 1968, 0.301, 0.230
ராட் கரூ, 1977, 0.388, 0.266
ஜார்ஜ் பிரெட், 1980, 0.390, 0.269
பேப் ஹெர்மன், 1930, 0.393, 0.303
டோனி க்வின், 1994, 0.394, 0.267
பில் டெரி, 1930, 0.401, 0.303
டெட் வில்லியம்ஸ், 1941, 0.406, 0.266
ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, 1924, 0.424, 0.283

லீக் சராசரி என்பது அந்த ஆண்டு அந்த வீரர் ஆடிய லீக்கில் எல்லாரும் சேர்ந்து அடித்த சராசரி. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு உண்டு; வீரர் எதில் ஆடினாரோ அதன் எண்ணைப் போட்டிருக்கிறேன். இது எதற்கு என்று பின்னால் பார்க்கலாம்.

இப்போது சார்ட். அட்டவணைக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு, டேட்டா மெனுவில் சார்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் தலைப்பு வரி உள்ளது என்பதற்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா எனப் பார்க்கவும். எதனை வைத்து என்னும் இடத்தில் சராசரி. வரிசை, பெரியதிலிருந்து சிறியது. ஓகே கிளிக் செய்திடவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சராசரி உள்ள நெட்டு வரிசையை மட்டும் மவுஸால் செலக்ட் செய்து சார்ட் கொடுத்தால், தேர்வை விரிவுபடுத்தவா, இதோடு நிறுத்தவா என்று புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைக் கொடுத்தால் எண்கள் மட்டும் இடம் மாறும். பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். யஸ்ட்ரெம்ஸ்கியின் பெயருக்கு எதிரே ஹார்ன்ஸ்பியின் 0.424 வந்து உட்காரும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பார்ப்பதற்கு அட்டவணை சுத்தமாகவே இருக்கும். மாணவர் மதிப்பெண்ணோ, கடைப் பாக்கியோ, இப்படி ஒரு முறை சேவ் செய்து மூடிவிட்டால் மீட்பது கடினம். உடனே கன்ட்ரோல் + இஸட் அழுத்தி மீண்டுவிடுங்கள்.

சரியாகச் செய்திருந்தால் ஹார்ன்ஸ்பி, வில்லியம்ஸ், டெரி, க்வின், ஹெர்மன், பிரெட், கரூ, யஸ்ட்ரெம்ஸ்கி என்று வரிசை கிடைக்கும். எஃப் நெட்டு வரிசையில் அணி எனத் தலைப்பிட்டு 1, 2, 3, 4, 4, 3, 2, 1 என்று மேலிருந்து கீழாக டைப் செய்திடவும். முதல் டிராப்ட் முடிந்தது. முதல் அணிக்கு ஹார்ன்ஸ்பியும் யஸ்ட்ரெம்ஸ்கியும். இரண்டாவதற்கு வில்லியம்ஸும் கரூவும். மூன்றாவதற்கு டெரியும் பிரெட்டும். நான்காவதற்கு க்வினும் ஹெர்மனும்.

கடைசியாக எடுக்கப்பட்ட யஸ்ட்ரெம்ஸ்கியின் எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். 0.301. ஆனால் 1968ல் அமெரிக்கன் லீக்கில் அதுதான் முதலிடம். அந்த ஆண்டு அந்த லீக்கில் 0.300ஐத் தொட்டவர் அவர் ஒருவரே. பந்து வீசுபவர்கள் அப்படி ஆதிக்கம் செலுத்திய ஆண்டு அது. அடுத்த ஆண்டே அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். மாறாக, 1930ல் நேஷனல் லீக் முழுவதும் சேர்ந்து அடித்த சராசரி 0.303. அதாவது 1968ன் முதல் ஆட்டக்காரரை விட 1930ன் சாதாரண ஆட்டக்காரர் அதிகம் அடித்திருக்கிறார்! இந்த இரண்டு எண்களையும் ஒரே நெட்டு வரிசையில் போட்டுச் சார்ட் செய்தால் கம்ப்யூட்டர் மறுக்காமல் செய்து கொடுக்கும். பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்குத்தான் லீக் சராசரி. ஈ2 கட்டத்தில் கர்சரை வைத்து =சி2/டி2 என டைப் செய்து என்டர் தட்டவும். (சி, டி ஆகியவற்றை ஆங்கில எழுத்துக்களாக டைப் செய்திட வேண்டும்.) விடை கிடைத்தவுடன் அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலைக்கு மவுஸைக் கொண்டு சென்றால் கர்சர் மெல்லிய கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்து ஒன்பதாவது வரி வரை இழுத்து விடுங்கள். பார்முலா ஒவ்வொரு வரிக்கும் ஏற்பத் தானாக மாறிக் கொள்ளும். புள்ளிக்குப் பின் எண்கள் நீளமாக வந்தால், கன்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர் பிரிவில் மூன்று இலக்கம் எனக் குறிக்கவும்.

இப்போது விகிதத்தை வைத்து மீண்டும் சார்ட் செய்திடவும். வில்லியம்ஸ் 1.526, ஹார்ன்ஸ்பி 1.498, க்வின் 1.476, கரூ 1.459, பிரெட் 1.450, டெரி 1.323, யஸ்ட்ரெம்ஸ்கி 1.309, ஹெர்மன் 1.297. டெரிக்கும் யஸ்ட்ரெம்ஸ்கிக்கும் இருந்த நூறு புள்ளி வித்தியாசம் எங்கே போயிற்று? இருவரையும் 0.260 சராசரியுள்ள ஒரு பொது லீக்கில் ஆட விட்டதாக வைத்து, விகிதத்தை 0.260ஆல் பெருக்கிப் பாருங்கள். டெரிக்கு 0.344, யஸ்ட்ரெம்ஸ்கிக்கு 0.340. எதிரே ஆடும்போது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

முதல் டிராப்ட்டில் யார் லாபம் அடைந்தார்கள் என்பதையும் இப்போது பார்த்துவிடலாம். காலியான ஒரு கட்டத்தில் =சம்இஃப்(எஃப்2:எஃப்9,1,ஈ2:ஈ9) என அமைத்திடவும். எஃப் வரிசையில் 1 என்று உள்ள வரிகளைத் தேடி, அவற்றின் ஈ மதிப்புகளை மட்டும் இது கூட்டும். நடுவில் உள்ள 1 என்பதை 2, 3, 4 என மாற்றி மற்ற அணிகளுக்கும் அமைக்கலாம். கிடைப்பவை: 2.807, 2.985, 2.773, 2.773. முதலில் எடுத்த அணி முந்தவில்லை. ஏழாவதாக மீந்து கிடந்த கரூவைத் தூக்கிக் கொண்ட இரண்டாவது அணிதான் முந்தியிருக்கிறது.

சரி, எல்லாரும் விகிதத்தைப் பார்த்தே எடுத்திருந்தால்? ஜி நெட்டு வரிசையில் அதே 1, 2, 3, 4, 4, 3, 2, 1ஐப் புதிய வரிசைப்படி டைப் செய்து, பார்முலாவில் எஃப் வரும் இடங்களில் ஜி போடுங்கள். 2.823, 2.807, 2.799 என்று மூன்று அணிகள் நெருக்கமாக நிற்க, நான்காவது மட்டும் ஏறத்தாழ 2.91க்குப் போகிறது. கடைசியில் எடுத்த அணி! காரணம் பட்டியலிலேயே இருக்கிறது. ஐந்தாவது பிரெட்டுக்கும் ஆறாவது டெரிக்கும் நடுவில் ஒரு பள்ளம்: 1.450லிருந்து நேராக 1.323. பாம்பு திரும்பும் இடத்தில் நின்ற நான்காவது அணி, பள்ளத்திற்கு முன்னால் இருந்த இருவரையும் அடுத்தடுத்து எடுத்துக் கொண்டது. டிராப்ட் முடிவுகளைப் படிக்கும்போது யார் எத்தனையாவதாக எடுத்தார் என்பதை விட இந்தப் பள்ளங்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

நான்கு நண்பர்கள் கூடி ஆடுவதாக இருந்தால் யார் முதல் அணி என்பதில் சண்டை வரும். தனி ஷீட்டில் நான்கு பெயர்களை எழுதி, பக்கத்துக் கட்டங்களில் =ரேண்ட்() என்று அமைத்திடவும். ஆர், ஏ, என், டி என்னும் நான்கு எழுத்துக்கள், பிறகு திறந்து மூடிய அடைப்புக்குறி. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் விழும். ஆனால் ஷீட்டில் எதை டைப் செய்தாலும் இந்த எண்கள் மாறிக் கொண்டே இருக்கும். எஃப்9 கீயை அழுத்தினாலும் மாறும். எனவே எண்களைக் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டு அதன் பின் சார்ட் செய்திடவும். இல்லாவிட்டால் தோற்றவர் ஒவ்வொருவரும் எஃப்9 அழுத்துவார்.

இன்னும் ஒரு அட்டையைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன். ஜோஷ் கிப்சன், 1943, 0.466. கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் சேர்த்துக் கொள்ளாத காலத்தில், நீக்ரோ லீக்குகள் என்று அன்று பெயரிடப்பட்ட தனி லீக்குகளில் ஆடியவர். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களம் இறங்கி அந்தத் தடையை உடைத்தார். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளை மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில்தான் மேஜர் லீக்காக ஏற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தன. அன்றைக்கே வாழ்நாள் சராசரியில் டை காப்பின் 0.367ஐத் தாண்டி கிப்சனின் 0.372 முதலிடத்துக்கு வந்தது. பழைய பட்டியலை எத்தனை முறை சார்ட் செய்திருந்தாலும் அவர் மேலே வந்திருக்க முடியாது. பட்டியலில் அவருக்கு ஒரு வரியே இல்லை.

நம் எட்டு அட்டைகளில் ஹார்ன்ஸ்பி, டெரி, ஹெர்மன், வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் 1947க்கு முந்தியவர்கள். அவர்களுக்கு எதிரே டி வரிசையில் நாம் போட்ட சராசரி, கிப்சன் போன்றவர்களுக்குக் கதவை மூடியிருந்த லீக்கின் சராசரி. விகிதம் பந்து வீச்சு ஆண்டையும் அடிதடி ஆண்டையும் சமன் செய்யும். இதைச் சமன் செய்யாது.

பத்தாவது வரியில் கிப்சனின் பெயரையும் ஆண்டையும் 0.466ஐயும் டைப் செய்து, டியைக் காலியாக விட்டு, ஈ பார்முலாவை அங்கும் இழுத்துப் பாருங்கள். #டிஐவி/0! என்று வரும். காலிக் கட்டத்தால் வகுக்க முடியாது என்பது இதன் பொருள்; உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிடவில்லை. பார்க்க நன்றாக இல்லை என்று அங்கே பக்கத்து எண்ணையோ, அதே 1943ன் அமெரிக்கன் லீக் எண்ணையோ போட்டு நிரப்ப வேண்டாம். அவர் ஆடிய லீக்கின் அந்த ஆண்டுச் சராசரிதான் அங்கே வர வேண்டும். அந்த எண் கிடைக்கும் வரை சார்ட் செய்யும்போது அந்த வரி எந்த இடத்தில் வந்து நின்றாலும் அதற்குப் பொருள் கிடையாது. என் பைலில் அந்தக் கட்டத்திற்கு மஞ்சள் நிறம் கொடுத்து அப்படியே சேவ் செய்து வைத்திருக்கிறேன்.