தூக்கணாங்குருவியும் எருமையும்

திருவெண்ணெய்நல்லூரை அடுத்த பெண்ணையாற்றங்கரை வயல்களில் தூக்கணாங்குருவியையும் எருமையையும் அருகருகே காணலாம். குருவியின் எடை சுமார் 25 கிராம். எருமையின் எடையை 400 கிலோ என்று கொண்டால், 16,000 குருவிகள் சேர்ந்தே ஓர் எருமைக்கு ஈடாகும். எனினும் குருவி பகலெல்லாம் தானியமும் பூச்சியும் பொறுக்குகிறது. எருமையோ மேய்ந்தபின் படுத்து நிதானமாய் அசைபோடுகிறது. இதன் காரணம் யாது?

அண்டாவிலுள்ள வெந்நீர் நெடுநேரம் சூடாயிருக்கும். அதிலிருந்து ஒரு லோட்டாவில் எடுத்தது சீக்கிரம் ஆறிவிடும். சரீரங்களுக்கும் இதுவே விதி. எடைக்கு எடை பார்த்தால், காற்றுப் படும் மேற்பரப்பு குருவிக்குத் தோராயமாக 25 மடங்கு அதிகம். ஆகையால் அதன் உஷ்ணம் விரைவில் வெளியேறுகிறது; அதை ஈடுசெய்ய அடிக்கடி இரை வேண்டும். எருமைக்கு நேர்மாறான கஷ்டம். உஷ்ணம் உள்ளேயே தங்கும், தோலோ கறுப்பு, வியர்வைச் சுரப்பிகளும் பசுவைவிடக் குறைவு. அது குட்டையில் புரளுவது சோம்பலால் அன்று, உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளவே.

இதனால் குடியானவர்கள் அறியவேண்டியவை இரண்டு.

1. கோடையில் எருமையை நிழலில் கட்டுக. குட்டை வற்றிவிட்டால் தினம் இருவேளை நீர் ஊற்றிக் குளிப்பாட்டுக. இல்லாவிடில் பால் குறையும்; சினைப் பருவமும் வெளித்தெரியாமற் போகும்.

2. எருமைக் கன்று இவ்விஷயத்தில் தாயைவிடக் குருவிக்கே நெருங்கியது. அதன் சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை நனையவிடாது உலர்ந்த வைக்கோல்மீது கிடத்துக. ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருத்தல் கூடாது. அந்தத் தாமதத்தால் கன்று மடிவதும் உண்டு.