மேசையும் மேசாவும்

கேள்வி: காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பேச்சுக் கொடுத்த பிலிப்பைன்ஸ் மாலுமி, மேசையை 'மேசா' என்றார். நம் சொல் அங்கே போனதா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: இல்லை. அவர் சொன்னது ஸ்பானிஷ். 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் ஆண்ட நாடு அது. அங்கே பேசப்படும் தகாலோக் மொழியில் கரண்டி 'குட்சாரா', திங்கள்கிழமை 'லூனெஸ்'. மணி சொல்வதும் பெரும்பாலும் ஸ்பானிஷ் எண்களில்தான். ஆனால் இலக்கணம் அவர்களுடையதே. ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கும் தகாலோக் முன்னொட்டைச் சேர்த்துவிடுவார்கள்.

நம் மேசை, ஸ்பானிஷின் உடன்பிறப்பான போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. உங்களுக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் குடியேறிவிட்டார்கள். 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் பின்னால் வந்தவர்கள். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம், பாதிரி எல்லாம் போர்த்துகீசியம் தந்தவை. தமிழகத்தில் போர்த்துகீசியர் பெரும்பாலும் கரையோரத்தோடு நின்றதால் வீடு, வியாபாரம், கோயில் சார்ந்த சொற்களே தங்கின. ஸ்பெயினோ உள்நாடு வரை பாதிரிகளை அனுப்பி ஆண்டது. அதனால்தான் அங்கே கடன்சொற்கள் ஆயிரக்கணக்கில்.

தமிழிலிருந்து அங்கே போன சொல்லும் உண்டு. அவர்களுடைய 'மங்கா', மலாய் வழியாகப் போன நம் மாங்காய்தான். அந்த மாலுமியை மறுபடி பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.