பாலாற்றங்கரைக்குப் போகும் பொறியாளருக்கு

முசரவாக்கம்



நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக நீ உத்தியோகம் ஏற்றதையும், பாலாற்றுப் பாலங்களைக் கவனிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதையும் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். கல்லூரியில் நீ மனனம் செய்த பதங்கள் யாவும் பரீட்சைக்குச் சமமாக இருந்திருக்கலாம். ஆற்றங்கரையில் அவை சமமல்ல.

6 மீட்டர் வரை சிறுபாலம், 60 மீட்டர் வரை சிறிய பாலம், அதற்கு மேற்பட்டது பெரிய பாலம் என்று, 1934இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த பாகுபாடு கோப்பு எழுத உதவும். கர்டர், டெக் ஸ்லாப், பேரிங் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. பழுதுபட்டால் பஸ் டிரைவரே வந்து முறையிடுவார். ஓசையின்றிப் பாலத்தைச் சாய்ப்பது தூணடி மண்ணரிப்பு.

நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடிவரும் பாலாறு, செவிலிமேட்டருகே வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகக் கிடப்பதைக் கண்டு, இதற்கா இத்தனை ஆழத்தில் கிணற்று அஸ்திவாரம் என்று பரிகசிப்பவர்கள் உண்டு. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியதும், 2021 நவம்பரில் தரைப்பாலங்களை மூழ்கடித்ததும் இந்த ஆறுதான். பிரவாகம் தூணின் முகத்தில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, அடிமணலைத் தோண்டிக் குழி பறிக்கிறது; வெள்ளம் வடியும்போது அதே ஆறு அந்தக் குழியை மணலால் தூர்த்துவிட்டுப் போகிறது. ஆகவே தை மாதத்தில் போய்ப் பார்த்து, எல்லாம் க்ஷேமம் என்று அறிக்கை எழுதுவது விவேகமாகாது.

இப்படி மறைந்துபோகும் குழியின் ஆழத்தை முன்கூட்டியே கணிக்கவே, நம் நாட்டு வண்டல் கால்வாய்களை ஆராய்ந்த லேசி என்பவரின் சூத்திரத்தைப் பிரமாணமாகக் கொள்கிறோம். அதன்படி சராசரி அரிப்பு ஆழம், உயர்வெள்ள மட்டத்திலிருந்து 6 மீட்டர் என்று வந்தால், தூணடியில் அதை இரட்டித்து 12 என்று கொண்டு, பிடிமானத்துக்காக மூன்றிலொரு பங்கு, அதாவது 4 மீட்டர், சேர்த்து, 16 மீட்டர் ஆழத்துக்குக் கிணற்றை இறக்க வேண்டும். இந்தக் கணக்கில் மணல் அள்ளுவோர் சேர்த்தியில்லை. படுகை தாழத் தாழப் பிடிமானம் குறைகிறது. மணலுக்குள் இருக்க வேண்டிய கிணற்றின் மேல்மூடி வெளியே தெரிந்தால், அதற்குக் கீழே எத்தனை அடி வெறுமையாய் நிற்கிறது என்பதை அன்றே அளந்துவிடு. என் அபிப்பிராயத்தில், பாலாற்றுப் பாலங்களுக்கு அவற்றின்மேல் ஓடும் லாரிகளைக் காட்டிலும் லாரியேறிப் போன மணலே பெரிய பாரம்.

இன்னொன்று, பாலமும் சாலையும் சேரும் இடம். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் சேரும் கோர்வையில்தான் நெசவாளியின் கைத்திறம் தெரிவதுபோல, பாலத்தின் முட்டில் வண்டி தூக்கிப்போடுகிறதா என்பதில் உன் வேலை தெரியும். முட்டுச்சுவரின் பின்புறத்தில் பெரிய ரோலர் நெருங்க முடியாதாகையால், அங்கே மண்ணை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போவது சிலரது வழக்கம். நீ அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, சிறு இயந்திரத்தால் இடிக்கச் செய். சுவரிலுள்ள நீர்வடி துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் பார்.

ஐப்பசி பிறக்குமுன் தூண்களில் வெள்ளமட்டக் குறிகளைப் புதிதாக எழுதச் செய். வெள்ளம் ஓடும்போதே, பாலத்தின் மேலிருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தூணோரம் இறக்கி ஆழம் பார்க்க, அனுபவமுள்ள சாலைப் பணியாளர் இருவரை அமர்த்திக்கொள். எடுத்த அளவுகளைத் தேதியும் நேரமுமாகப் பதிவேட்டில் ஏற்றியபின் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.